அட்டைப்பெட்டி முன்பே சொன்னது

மருத்துவமனைச் சுவரில் கையுறைப் பெட்டி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு கையுறை அடங்கும் சின்னப் பெட்டி, நடுவில் முட்டை வடிவத்தில் கிழித்தெடுக்க ஒரு வாய். அப்படிப் பத்துப் பெட்டியை அடுக்கினால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, ஆயிரம் கையுறை. மலேசியாவில் கிள்ளான், மேரு பக்கம் இந்தப் பெட்டிகளை அச்சடித்து, வெட்டி, கையுறைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஆர்டர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிறது.

கோவிட் வந்த 2020-இல், உலகம் பயன்படுத்திய ரப்பர் கையுறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவிலிருந்து போனது. அதில் நல்ல பங்கு எங்கள் ஊரைச் சுற்றித்தான் தயாரானது. அந்த வருடம் ஊரே கையுறைக் கம்பெனிகளின் பங்குகளை வாங்க ஓடியது. அந்தத் தொழிலின் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். அப்படியிருந்தும் 14,000 ரிங்கிட்டை விட்டேன்.

நோய் பரவினால் மருத்துவக் கம்பெனிப் பங்கு ஏறும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். ஆனால் அந்த இரண்டு வருடமும் விலையை ஏற்றியதும் இறக்கியதும் பெரும்பாலும் நோய் இல்லை. நோயைக் கட்டுப்படுத்த அரசுகள் போட்ட ஆணைகள். எதைத் திறப்பது, எதை அடைப்பது, எதற்கு விலை வரம்பு, யாரிடம் வரி, எந்தத் தடுப்பூசி. இது எனக்கு விளங்குவதற்குள் காசு போய்விட்டது.

2020 மார்ச் 16 இரவு பிரதமர் முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் தேதி தொடங்கியது. எங்கள் கம்பெனிக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது, ஏனென்றால் பெட்டி இல்லாமல் கையுறை கப்பல் ஏறாது. அனைத்துலக வணிக, தொழில் அமைச்சின் கடிதம் ஒன்று. மிட்டி கடிதம் என்போம். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கார் கண்ணாடியருகே வைத்துக்கொண்டு, போலீஸ் தடுப்பைத் தாண்டித் தினமும் போவேன். ஆள் பாதிதான், வேலை இரண்டு மடங்கு.

அக்கா மகள் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. அவளுக்கு ஓய்வே இருக்காது என்று நினைத்து ஏப்ரலில் ஒருநாள் பேசினேன். "இல்ல மாமா, வார்டுல பாதி கட்டில் காலி. எங்களுக்கு லீவு எடுக்கச் சொல்றாங்க" என்றாள். எனக்கு வியப்பு. கோவிட் நோயாளிகளைச் சுங்கை பூலோ போன்ற அரசு மருத்துவமனைகள் பார்த்தன. தனியாரிடம் முழங்கால், கண்புரை மாதிரி தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் எல்லாம் தள்ளிப்போயின. எல்லையை மூடியதால் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் வரும் இந்தோனேசிய நோயாளிகள் வரவில்லை. மருத்துவமனையின் வாடகை, மின்சாரம், சம்பளம் மட்டும் ஒரு சென் குறையவில்லை. கேபிஜே, ஐஎச்எச் போன்ற மருத்துவமனைப் பங்குகள் அந்த மார்ச்சில் இறங்கியதும், அதே மாதம் கையுறைப் பங்குகள் ஏறியதும் இதனால்தான். மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் இரண்டும் ஒரே சுகாதாரத் துறைப் பட்டியலில் இருக்கின்றன. ஒரே ஆணை ஒன்றைத் தூக்கியது, ஒன்றைத் தள்ளியது.

இன்னொன்றை அப்போதே கவனித்திருக்க வேண்டும். முகக்கவசத்துக்கு அரசு உச்சவிலை வைத்தது. மூன்றடுக்குக் கவசம் ஒன்று 1 ரிங்கிட் 50 சென் என்றிருந்தது, ஆகஸ்டில் 1 ரிங்கிட் 20 சென்னாகி, வருடம் முடிவதற்குள் 70 சென்னுக்கு வந்துவிட்டது. கையுறைக்கு அப்படி எதுவும் இல்லை. ஆயிரம் கையுறைக்குத் தொற்றுக்கு முன் 20 டாலர் சொச்சம் கேட்ட அதே ஆலைகள், உச்சத்தில் உடனடி ஆர்டருக்கு 100 டாலருக்கு மேல் கேட்டன. ஏன் ஒன்றுக்கு வரம்பு, இன்னொன்றுக்கு இல்லை? முகக்கவசம் வாங்குபவர் இங்கே ஓட்டுப் போடுபவர். கையுறை வாங்குபவர் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருக்கிறார். ஒரு மருத்துவப் பொருளுக்கு விலை ஏறும் சூழல் வந்தால், அந்த லாபம் பங்குதாரர் கைக்கு வருமா என்பதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பிறகு 2021-இல் சுய பரிசோதனைக் கருவி வந்தபோதும் இதே கதை. விற்பனைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 5 முதல் 19 ரிங்கிட் 90 சென்தான் என்று உச்சவிலை வந்தது. அதை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் முழித்தார்கள். அந்தக் கூட்டத்தில் மட்டும் நான் இல்லை.

கையில் காசு வந்த கதைக்கு வருகிறேன். மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்குக் கடன் தவணையை ஒத்திவைத்தது. வீட்டுக்கும் காருக்கும் சேர்த்து மாதம் 2,050 ரிங்கிட் கட்டுபவன் நான். திடீரென்று அது கையிலேயே நின்றது. வீட்டுக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை யோசிக்கவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடக்கிற ஜனம், கையில் தவணைப் பணம், போனில் பங்கு வாங்கும் ஆப். இதுவும் தொற்றுக் காலக் கொள்கையின் விளைவுதான். போதாததற்கு, சந்தை சரியாமல் இருக்க மார்ச் கடைசியிலிருந்து பங்கை இரவல் வாங்கி விற்கும் குறுவிற்பனையை நிறுத்திவைத்திருந்தார்கள். இறங்கும் என்று நினைப்பவன் அதை வைத்துப் பந்தயம் கட்ட வழியில்லாத சந்தை, ஏறும் என்று நினைப்பவன் கையில் தவணைப் பணம். விலை எந்தப் பக்கம் போகும்?

ஜூனில் தங்கை கணவர் கூப்பிட்டார். "மச்சான், கையுறைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு ஒரு லாட் பங்குகூட எடுக்கலன்னா எப்படி?"

கேட்ட கேள்வி நியாயமாகத்தான் பட்டது. வழக்கமாக வாரத்துக்கு நான்கு லாரி போகும் எங்கள் பெட்டி, அப்போது ஒன்பது லாரி போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதத் தவணைப் பணம் 6,000 ரிங்கிட்டைப் போட்டேன். வாங்கியது டாப் குளோவ், ஹார்த்தாலேகா, கோசான், சூப்பர்மேக்ஸ் என்ற பெரிய நான்கில் ஒன்றில்லை. அவற்றுக்கு அடுத்த வரிசைக் கம்பெனி ஒன்று. பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது அல்ல. ஆகஸ்டில் என் 6,000 ரிங்கிட் 15,000 ஆகியிருந்தது. அந்த ஒரு மாதம் வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்போது பாதியை விற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

டாப் குளோவ் செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் பங்கை இலவசமாகக் கொடுத்தது. ஒன்று மூன்றானால் ஒரு பங்கின் விலை மூன்றில் ஒன்றாகக் குறைய வேண்டும். அதற்குப் பிறகும் அக்டோபரில் விலை 9 ரிங்கிட்டைத் தாண்டி நின்றது. மா சிங் போன்ற வீடு கட்டி விற்கும் நிறுவனமே கையுறை செய்யப்போகிறோம் என்று அறிவித்தது. ஆணுறை தயாரிக்கும் காரெக்ஸும் வந்தது. எங்கள் அலுவலகத்தில் இது வேறு விதமாகத் தெரிந்தது. பெட்டியில் அச்சடிக்க ஒவ்வொரு பிராண்டுக்கும் தனித்தனி அச்சுத் தகடு செய்ய வேண்டும். வழக்கமாக வருடத்துக்கு ஏழெட்டுப் புதுப் பெயர் வரும். 2020-இல் மட்டும் அறுபதுக்கு மேல் வந்தன. பாதிப் பெயர்களை இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. முந்தின மாதம் வரை வேறு ஏதோ விற்றுக்கொண்டிருந்த இடைத்தரகர்கள். ஒரு பெட்டியில் எழுத்துப் பிழையோடு டிசைன் அனுப்பினார்கள். திருத்தவா என்று கேட்டதற்கு, "நேரமில்லை, அப்படியே அடியுங்கள்" என்று பதில் வந்தது.

இதைப் பார்த்து நான் என்ன செய்திருக்க வேண்டும்? பயந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அக்டோபரில் மீதித் தவணைப் பணம் 6,000, மகள் படிப்புக்கு ஒதுக்கியதிலிருந்து 6,000, ஆக இன்னொரு 12,000 ரிங்கிட்டை அதே பங்கில் போட்டேன்.

நவம்பர் 9-ஆம் தேதி ஃபைசர் தன் தடுப்பூசி 90 விழுக்காட்டுக்கு மேல் பலன் தருகிறது என்று அறிவித்தது. மறுநாள் கையுறைப் பங்குகள் மொத்தமாகச் சரிந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. தடுப்பூசி போடவும் கையுறை வேண்டுமே, இவர்களுக்குத் தொழில் தெரியவில்லையே என்று வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினேன். நான் எழுதியது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. ஊசி போடுபவருக்குக் கையுறை வேண்டும், உண்மை. ஆனால் நான் பங்கு வாங்கிய கம்பெனிக்கு லாபம் வந்தது கையுறை விற்றதால் மட்டும் இல்லை, நான்கைந்து மடங்கு விலைக்கு விற்றதால். அந்த விலை பற்றாக்குறையால் வந்தது. பற்றாக்குறைக்குக் காரணம் எல்லா நாடும் ஒரே சமயத்தில் பயந்து பதுக்கியது. தடுப்பூசி வந்தால் கையுறைத் தேவை குறையாது, பயம் குறையும்.

அதே மாதம் 17-ஆம் தேதி மேருவில் டாப் குளோவ் தொழிலாளர் விடுதிகள் இருந்த பகுதியில் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். அங்கே கூட்டமாகப் பரவிய தொற்றைத் தெராத்தாய் தொற்றுத் திரள் என்று தினமும் செய்தியில் சொன்னார்கள். 5,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. 28 ஆலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசு சொன்னது. எங்கள் கம்பெனியிலிருந்து அந்தப் பக்கம் போகும் சாலையில் முள்கம்பி போட்டிருந்ததை நானே பார்த்தேன். எங்கள் லாரி ஓட்டும் அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "தம்பி, உள்ள விடமாட்டேங்கிறாங்க, சாமானை இறக்கவா வேணாமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கையுறைக்குத் தேவையை உண்டாக்கிய அதே நோய், கையுறை செய்யும் கையையும் கட்டிப்போட்டது. பங்கு வாங்கும்போது நான் விற்பனைப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். அந்தக் கையுறையைச் செய்யும் நேப்பாள, வங்காளதேசப் பையன்கள் ஓர் அறைக்கு எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது பங்கு விலையில் வந்து உட்காரும் என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் தொழிலாளர் விடுதி இடவசதிச் சட்டத்தை அந்த வருடம் செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே இறுக்கியிருந்தார்கள். அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்புப் புகாரை வைத்து ஜூலையிலேயே டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்குக்குத் தடை போட்டிருந்தது. எல்லாம் செய்தித்தாளில் இருந்தன. நான் படித்தது, பங்கு எவ்வளவு ஏறும் என்று ஆய்வாளர்கள் போடும் இலக்கு விலை மட்டும்.

அப்போதும் நான் விற்கவில்லை. விலை இறங்கியிருக்கிறதே, வாங்கிய சராசரி விலையைக் குறைக்கலாம் என்று மனைவி சேர்த்து வைத்திருந்ததில் 5,000 ரிங்கிட் வாங்கிப் போட்டேன். மொத்தம் 23,000.

2021 ஜனவரி 4, வருடத்தின் முதல் வணிக நாள். நிறுத்தி வைத்திருந்த குறுவிற்பனையை அன்று மறுபடி அனுமதித்தார்கள். கையுறைப் பங்குகள் முன்னால் நின்று விழுந்தன. அந்தத் தடை எப்போது முடியும் என்று தேதியோடு முன்பே அறிவித்திருந்தார்கள், ஒளிவு மறைவே இல்லை. இப்போது எந்த ஆணை வந்தாலும் நான் முதலில் தேடுவது அது முடியும் தேதியைத்தான். நாட்காட்டியில் வட்டம் போட்டுவிடுவேன்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை அதிகம் ஏமாற்றியது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

2021 மார்ச்சில் டாப் குளோவ் தன் பிப்ரவரிக் காலாண்டு கணக்கை வெளியிட்டது. மூன்று மாத லாபம் 2.8 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். 2019 நிதியாண்டு முழுவதுக்கும் சேர்த்தே சுமார் 365 மில்லியன்தான். ஒரு பங்குக்கு 25 சென்னுக்கு மேல் ஈவுத்தொகை. நான் பங்கு வாங்கிய கம்பெனியும் அதன் அளவுக்கு இதே மாதிரி லாபம் காட்டியது. ஆனால் டாப் குளோவின் விலை அக்டோபர் உச்சத்திலிருந்து பாதிக்கு அருகில் வந்துவிட்டது, என் பங்கும் அப்படியே. விலையை லாபத்தால் வகுத்துப் பார்த்தால் மலிவோ மலிவு. இரவில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, சந்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "நீங்க மட்டும்தான் தெளிவா இருக்கீங்களாக்கும்" என்றாள்.

பங்கின் உச்சம் அக்டோபரில், லாபத்தின் உச்சம் பிப்ரவரியில். சந்தை நான்கைந்து மாதம் முன்னால் போய் நின்றுகொண்டது. நெருக்கடியில் திடீரென்று கொழுத்த லாபத்தை வைத்து மலிவு, விலை அதிகம் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த லாபம் அடுத்த வருடமும் வருமா என்பதுதான் கேள்வி. வராது என்பதை எனக்குச் சொல்ல ஆய்வாளர் யாரும் தேவைப்படவில்லை. என் மேசையிலேயே இருந்தது.

ஏப்ரல் வாக்கில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல். ஜூன் மாதப் பெட்டிகளை ஜூலைக்குத் தள்ளி வைக்கவும். சரி என்று தேதியை மாற்றினேன். அப்புறம் இன்னொருவர். மே மாதம் நான்கு பேர். அதற்கு முன் ஒரு வருடமாக எல்லோரும் முன்னே தள்ளச் சொல்லித்தான் கெஞ்சினார்கள், ஒருவர்கூடப் பின்னே தள்ளச் சொன்னதில்லை. அந்த அறுபது புதுப் பெயர்கள்தான் முதலில் காணாமல் போயின. ஆகஸ்டில் எங்கள் கிடங்கின் பின்சுவர் ஓரம் பதினோரு பலகைத் தட்டு நிறைய அச்சடித்த பெட்டி எடுக்க ஆளில்லாமல் நின்றது. எழுத்துப் பிழையோடு அடித்தோமே, அதுவும் அதில் ஒன்று. ஒரே மருத்துவமனையின் தேவையை மூன்று தரகர்கள் மூன்று ஆலையில் ஆர்டர் போட்டு வைத்திருந்தார்கள், பொருள் கைக்கு வந்ததும் இரண்டை விட்டுவிட்டார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். நான் ஒன்பது லாரியாகப் பார்த்த தேவையில் எத்தனை லாரி நிஜம் என்று யாருக்குத் தெரியும்?

பகலில் அந்தத் தட்டுகளுக்கு வாடகை போட்டுக் கடிதம் எழுதினேன். இரவில் அதே தொழிலின் பங்கை விற்காமல் வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தான்.

2021 ஜூலை தொடக்கத்தில் சிலாங்கூரின் பெரும்பகுதியை இரண்டு வாரம் அடைத்தார்கள். கையுறை ஆலைகளும் மூடின, நாங்களும் மூடினோம். 2020 அனுபவத்தை வைத்து, ஆலை மூடினால் பொருள் கிடைக்காது, விலை ஏறும், பங்கும் ஏறும் என்று காத்திருந்தேன். என் பங்கு இன்னும் இறங்கியது. வாங்குபவர்களின் கிடங்குகள் நிறைந்திருந்தன. சீனாவில் இன்ட்கோ மாதிரி நிறுவனங்கள் புதுப்புது இயந்திர வரிசைகளைப் போட்டு முடித்திருந்தன. இங்கே இரண்டு வாரம் மூடினால் அங்கே ஒருவருக்கும் வலிக்கவில்லை. அதே ஆணைதான், கிடங்கு காலியாக இருக்கும்போது ஒரு விளைவு, நிறைந்திருக்கும்போது வேறு விளைவு.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பர் பட்ஜெட்டில் திடீர் லாப வரி வரும் என்று பயந்தார்கள், வரவில்லை. பதிலாகப் பெரிய நான்கு கையுறைக் கம்பெனிகளும் சேர்ந்து 400 மில்லியன் ரிங்கிட் கொடுக்கும் என்று அறிவித்தார்கள். தப்பித்தோம் என்று எங்கள் குழுவில் பட்டாசு வெடிக்காத குறை. அடுத்த வருடம் 2021 அக்டோபர் 29-இல் சுக்காய் மக்மூர் என்ற, பெரிய கம்பெனிகளுக்கான செழிப்பு வரி வந்தது. 100 மில்லியனுக்கு மேல் உள்ள வருமானத்துக்கு 24-க்குப் பதில் 33 விழுக்காடு, 2022 வரி ஆண்டுக்கு மட்டும். கையுறை லாபம் வற்றிய பிறகு வந்த வரி என்பதால் அதை நொந்தவர்கள் வங்கிப் பங்கு வைத்திருந்தவர்கள்தான்.

தடுப்பூசிப் பக்கம் போனவர்கள் பாடு என்னுடையதைவிட மோசம். ஃபார்மாநியாகா என்ற மருந்துக் கம்பெனி, சீனாவின் சினோவேக் தடுப்பூசியை இங்கே குப்பியில் நிரப்பி அரசுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் பெற்றது. ஒரு கட்டத்தில் எல்லார் வாயிலும் அந்தப் பெயர். 2021 ஜூலையில், இருக்கும் கையிருப்பு முடிந்ததும் சினோவேக் போடுவதை நிறுத்தப்போவதாகவும், இனி ஃபைசர்தான் அதிகம் என்றும் சுகாதார அமைச்சு சொன்னது. போதுமான அளவு வேறு தடுப்பூசி இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். நோய் அப்போது ஏறிக்கொண்டுதான் இருந்தது, தினசரித் தொற்று 10,000-ஐத் தாண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில், விற்காமல் தேங்கிய தடுப்பூசிக்காக 552 மில்லியன் ரிங்கிட்டை நட்டமாக ஒதுக்கி, நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்களுக்கான பிஎன்17 பட்டியலுக்குள் போனது அந்தக் கம்பெனி. வாங்குபவர் ஒரே ஒருவர், அவரும் அரசு என்றால், அமைச்சரின் ஒரு வாக்கியம்தான் உங்கள் விற்பனை. இன்று ஒரு மருத்துவக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்ற பகுதியைத்தான் முதலில் திறக்கிறேன்.

கடைசி நப்பாசை 2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. ஒமைக்ரான் செய்தி வந்தது, கையுறைப் பங்குகள் துள்ளின. தங்கை கணவர் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "மச்சான், வந்துருச்சு!" என்றார். மனிதர் நோயைத்தான் சொல்கிறார், ஏதோ மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்ட மாதிரி. திங்கட்கிழமை விற்கலாமா என்று யோசித்தேன். இன்னும் ஏறட்டும் என்று விட்டேன். தொற்று எண்ணிக்கை பிறகு ஏறத்தான் செய்தது. ஆனால் எந்தப் பெரிய நாடும் 2020 மாதிரி எல்லாவற்றையும் இழுத்து மூடவில்லை, பதுக்கவும் இல்லை. சில வாரங்களில் பங்கு பழைய இடத்துக்கே வந்து, அதற்கும் கீழே போனது. 2022 ஏப்ரல் 1-இல் மலேசியா எல்லையைத் திறந்தது. பள்ளி, திருமணம், கோவில் திருவிழா எல்லாம் பழையபடி. ஊர் திறந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், பங்குக் கணக்கைத் திறக்கும்போது மட்டும் இல்லை.

ஜூனில் விற்றேன். 7,400 ரிங்கிட் வந்தது. இடையில் ஈவுத்தொகையாக 1,600 வாங்கியிருந்தேன். மீதி 14,000 போனது போனதுதான். அதே வருடம் டாப் குளோவ் 1 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கியது. மகள் படிப்புப் பணத்தைத் திரும்பச் சேர்க்க இரண்டு வருடம் சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்தேன். அக்கா மகள் வேலை செய்யும் மருத்துவமனையில் அதற்குள் தள்ளிப்போட்ட முழங்கால்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. மருத்துவமனைப் பங்குகள் மெல்ல எழுந்து நடந்தன. அவசரம் காட்டாமல் அவற்றை வாங்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். டீக்கடையில் அவர்கள் பங்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

2025 ஜனவரியில் சீனாவில் எச்எம்பிவி வைரஸ் என்று செய்தி ஓடியது. முகக்கவசம் போட்ட கூட்டத்தின் வீடியோ ஒன்று எல்லாக் குழுவிலும் சுற்றியது. தங்கை கணவர் விடவில்லை, இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"மச்சான், கையுறை எடுக்கலாமா?"

"எந்த நாடாவது எல்லையை மூடியிருக்கா?"

"அப்படி ஒன்னும் இல்ல."

"ஏதாவது விமானத்தை நிறுத்தியிருக்காங்களா? ஏற்றுமதித் தடை, பதுக்கல்?"

"இல்ல மச்சான், ஆனா ஆஸ்பத்திரியில கூட்டத்தைப் பார்த்தீங்கள்ல?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாள் காலை ஆர்டர் புத்தகத்தைத் திறந்தேன். புதுப் பெயர் ஒன்றும் இல்லை. யாரும் முன்னே தள்ளச் சொல்லவில்லை, பின்னே தள்ளவும் சொல்லவில்லை. அந்த வாரமும் நான்கு லாரிதான்.